கை போகிற இடத்தில் சுவிட்ச்

உத்திரமேரூர்
14.7.2024

தம்பி பெஞ்சமினுக்கு,

அண்ணி செவ்வந்தி எழுதுவது. உன்னையும் நிஷாவையும் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். அந்தமானில் மழை பிடித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். இங்கே வெயில் இன்னும் போகவில்லை.

நீ போன் பண்ணுவது தெரிகிறது. எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நீ பேசி அனுப்பினதெல்லாம் திறக்காமலே கிடக்கிறது. ஏன் என்று கேட்காதே. போனில் தமிழ் தட்ட எனக்கு வராது. அஞ்சாவது வரைக்கும் படித்த கை, பேனா பிடித்தால் எழுதும். அதனால் இனிமேல் எதுவானாலும் தபாலில் எழுது. விலாசம் அதேதான். காலனி, சர்ச்சுக்கு எதிர் வீடு.

இப்போது எழுதுகிற காரணம் அந்த ஓவன்.

உனக்கு இது தெரியாது. உன் அண்ணன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நான் வேலை செய்கிற ஒரகடம் கம்பெனி கேன்டீனில் பழைய சாமான்களை மாற்றினார்கள். ஒரு கரன்ட் ஓவனும், ரெண்டு தட்டு வைத்த கரன்ட் அடுப்பும் கழித்துப் போட்டார்கள். அந்த ஓவனில்தான் நான் பன் சுடக் கற்றுக்கொண்டேன். அது காயலான் கடைக்குப் போகிறதே என்று ஒரு நாள் வீட்டில் வந்து புலம்பினேன். அவர் மறுநாள் குட்டியானை வண்டி பிடித்து ரெண்டையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "உன் ஓவன் உன் வூட்டுக்கே வந்துட்ச்சி மே!" என்று தெரு முனையிலிருந்தே கத்தினார். காலனியே எட்டிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடனே வேலையை ஆரம்பித்தார். சமையல் கட்டுக்குப் பின்னால் எர்த்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். உள்ளே சுவரில் சுவிட்ச் வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு வைத்தார். அவ்வளவுதான். அந்த வாரமே அந்தக் கல்குவாரி லாரி.

கட்டம் சுவரில் இருக்கிறது. ஓவன் பிளாஸ்டிக் சுற்றினபடி கிடக்கிறது. அதன்மேல் துவைத்த துணியை மடித்து வைக்கிறேன்.

வருகிற நவம்பரில் அவருக்கு வருஷ ஜெபம். ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுப்போம் இல்லையா, அந்த பன் கடையில் வாங்கினதாக இருக்கக் கூடாது. அவர் தூக்கி வந்த ஓவனில் நான் சுட்டதாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது இருக்கிற ஆசை இது ஒன்றுதான்.

வயல் மோட்டார்களுக்கு வயரிங் செய்கிற கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மா பேஜாரு? ஃபிரிஜ்ஜு சொருவி வெச்சிக்கிற பாயின்ட்லயே இதையும் சொருவிடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு இருந்தா குடு" என்றார். உன் அண்ணன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி முறைப்பார். அதனால், "வாணாங்க, எங்க தம்பிய ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

நீயும் உன் அண்ணன் மாதிரி வயரிங் வேலை செய்கிறவன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

செவ்வந்தி


போர்ட் பிளேர்
29.7.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் வந்து என் பேரைச் சொன்னதும் கோர்ட் நோட்டீஸ் என்று நிஷா பயந்துவிட்டாள். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். மறைத்து எழுத எனக்கு வராது. அண்ணன் போன சேதி வந்த அன்று ஃப்ளைட்டில் இடம் இல்லை. மறுநாளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரே ஒரு நாள் வையுங்கள் என்று போனில் கெஞ்சினேன். நீங்கள் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டீர்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போய், மண் போட்ட பிறகு யாரைப் பார்க்கப் போகிறோம் என்று திரும்பி வந்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த முகத்தை எனக்கு ஏன் காட்டவில்லை? அதற்கப்புறம் போனும் எடுக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் அண்ணி?

சரி. ஓவனுக்கு வருகிறேன்.

கிருஷ்ணசாமி அண்ணன் மோட்டார் வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபிரிஜ் பாயின்ட்டில் சொருகவே கூடாது. ஃபிரிஜ் குடிப்பது சொம்புத் தண்ணி. ஓவன் குடம் குடமாகக் குடிக்கும். அந்தச் சன்ன வயர் தாங்காது. சுவருக்கு உள்ளேயே சூடாகிச் சூடாகி மேல் தோல் உருகும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது புகைதான் வரும்.

நீங்கள் எனக்குச் சிலது பார்த்து எழுதுங்கள். ஓவனுக்கும் அடுப்புக்கும் முதுகுப் பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் வாட்ஸ் என்று போட்டு ஒரு எண் இருக்கும். அப்புறம் அந்த எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் போட்ட கட்டம் அடுப்புக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

நானே வந்து செய்து கொடுப்பேன். இங்கே ஹோட்டல் கட்டுகிறார்கள், சீசனுக்கு முன்னால் வயரிங் முடிய வேண்டும் என்று கான்ட்ராக்டர் ஒருத்தரையும் விடமாட்டேன் என்கிறார். அதுவும் இல்லாமல், வா என்று நீங்கள் எழுதவில்லை.

பெஞ்சமின்


உத்திரமேரூர்
11.8.2024

தம்பிக்கு,

தகடு பார்த்தேன். போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஓவனுக்குப் பின்னால் தலையை விட்டுப் படித்தேன். ஓவனில் 3000 என்று இருக்கிறது. அடுப்பில் 3500. பக்கத்து வீட்டு தேவகியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

குழி காயவில்லை. காய விடுவேனா? மூடின அன்றைக்கே அவர் சொன்னார். "வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் ஊத்துமே. எர்த்து காஞ்சிட்ச்சின்னா ஆளைப் புடிக்கும்" என்றார். வயர்கூட இழுக்காத குழி அது. ஆனாலும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். தேவகிக்கு இது பொறுக்கவில்லை. "இன்னாக்கா, ஒண்ணும் மொளைக்காத எடத்துக்கு தெனம் தண்ணி ஊத்திக்கினு கீறே?" என்று கேட்டாள். "மொளைக்கறதுக்கு ஊத்தலடி" என்றேன். அப்புறம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

அவர் வாயால் சொல்லி எனக்கென்று விட்டுப் போன வேலை அது ஒன்றுதான் தம்பி. மற்ற வேலையெல்லாம் எல்லாரும் செய்கிற வேலை.

கட்டம் எங்கே என்று கேட்டாய். நான் அடுப்பை வைத்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே. மேடையிலிருந்து மூணு சாண் உயரம். அடுப்பு முன்னால் நின்று நிமிர்ந்தால் அது என் முகத்துக்கு எதிரே வரும்.

நீ எழுதியிருக்கிற மற்றதை ரெண்டு மூணு தரம் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. உன்னை வேண்டாம் என்று நினைத்துச் செய்ததில்லை. இப்போதைக்கு இதை மட்டும் நம்பு.

செவ்வந்தி


போர்ட் பிளேர்
27.8.2024

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்து, கிருஷ்ணசாமி அண்ணன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஈபி ஆபீஸில் லோடு கூட்டிக் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஓவனும் அடுப்பும் சேர்ந்து ஓட வேண்டுமானால் மூணு ஃபேஸ் வேண்டும். அது வந்த பிறகுதான் மற்ற வேலை. ஓவனுக்கு ஒரு லைன், அடுப்புக்கு ஒரு லைன். ரெண்டும் மீட்டர் போர்டிலிருந்து தனித்தனியாக நேரே வர வேண்டும், நடு வழியில் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றின இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஓவனுக்கு நாலு எம்எம் காப்பர் வயர், அடுப்புக்கு ஆறு. ஒவ்வொரு லைனுக்கும் தனி எம்சிபி. அது வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற ஆர்சிசிபி என்று வேறொன்று இருக்கிறது, கடையில் முப்பது மில்லி என்று கேட்டு வாங்க வேண்டும். உடம்பில் கரன்ட் பாய்ந்தால் கண் சிமிட்டுவதற்குள் அணைத்துவிடும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எர்த் அண்ணன் தோண்டின குழியிலிருந்துதான் வர வேண்டும். கிருஷ்ணசாமி அண்ணன் பழக்கத்தில் போர் பைப்பில் கட்டிவிடலாம் என்பார். வயலில் இரும்பு பைப், அங்கே சரி. நம் வீட்டுப் போரில் கீழ்ப்பக்கம் பிளாஸ்டிக் பைப்பாக மாற்றியாகிவிட்டது. அதில் கட்டினால் கரன்ட் மண்ணுக்குப் போகாது, தண்ணீர் பிடிக்க வருகிற உங்கள் கைக்கு வரும். இன்னொன்று, சும்மா கிடந்த ஓவனுக்குள் ஈரம் ஏறியிருக்கும். கரன்ட் கசிகிறதா என்று மெகர் வைத்துப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் கட்டம் போட்ட இடத்தில் சுவிட்ச் வைக்க முடியாது. அடுப்புக்கு நேர் மேலே சுவிட்ச் வரவே கூடாது. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் முதலில் அணைக்க வேண்டியது சுவிட்சை. நெருப்புக்கு மேலேயா கையை நீட்டுவீர்கள்? தினமும் ஆவி ஏறி உள்ளே ஈரம் வேறு சேரும். அண்ணன் ஏதோ அவசரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார். அதை அழித்துவிட்டு, ஒரு முழம் பக்கத்தில் தள்ளி வேறு கட்டம் போடச் சொல்லுங்கள்.

நிஷா உங்களைக் கேட்டாள்.

பெஞ்சமின்


உத்திரமேரூர்
8.9.2024

பெஞ்சமினுக்கு,

அழித்துவிட்டு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உன் அண்ணன் தப்பாகக் கட்டம் போட மாட்டார். அவரோடு கூட வேலை செய்தவன் நீ. மறந்துவிட்டாயா? எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் அந்த வீட்டில் யார் புழங்குகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். "கண்ணை மூடிக்கினு கையை நீட்டும்மா. எங்க போவுதோ அங்கதான் சுவிட்ச்சு. கரன்ட் போனாலும் பொக சூந்தாலும் கை தேடிக்கினு இருக்கக் கூடாது" என்பார். மத்த வயர்மேன் எல்லாம் சிரிப்பார்கள். அவர் சட்டை பண்ண மாட்டார்.

என்னையும் அப்படித்தான் நிறுத்தினார். நான் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையைக்கூடக் கழுவ விடவில்லை. சன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "தொறக்காதமே, கள்ள ஆட்டம் ஆடாத" என்று என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். சுவரில் விரல் பட்ட இடத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. அந்த மாவைச் சுற்றித்தான் பென்சிலால் கட்டம் போட்டார். மாவு உதிர்ந்துவிட்டது. கட்டம் மட்டும் இருக்கிறது.

அவர் போன பிறகு மேஸ்திரி வேதகிரி வந்து சுவர் முழுக்க மேடை கட்டிக் கொடுத்தார். "அடுப்பு சன்னல் ஓரமா வரும்னு ஜான்சன் சொல்லியிருந்தாரு" என்றார். நான்தான் வேண்டாம் என்று கரன்ட் அடுப்பைத் தூக்கி வந்து கட்டத்துக்குக் கீழே வைத்து, இப்போது சமைக்கிற கேஸ் அடுப்பையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். சமைக்கும்போது நிமிர்ந்தால் அது என் கண்ணில் பட வேண்டும். பிள்ளையும் இல்லாத வீட்டில் நான் எதைப் பார்த்துக்கொண்டு சமைப்பது?

அதை அழித்துத்தான் ஓவன் ஓட வேண்டும் என்றால் ஓட வேண்டாம். பன் கடையில் வாங்கிக்கொள்கிறேன். நீ இனிமேல் எழுத வேண்டாம்.

செவ்வந்தி


போர்ட் பிளேர்
29.9.2024

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பிரிக்காமல் அடுப்பில் போடலாம் என்றாலும் உங்கள் கரன்ட் அடுப்பு இன்னும் பற்றவில்லை.

அழித்துவிடுங்கள் என்று எழுதினது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். சைட்டில் தினமும் நாலு பேரிடம் அழி, உடை, மாற்று என்று கத்திக் கத்தி அதே மாதிரி உங்களுக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அப்படியே எழுந்து போய், பாதி கட்டின ஒரு அறையில் சன்னல் பக்கம் நின்று கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்த்தேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அப்போதுதான் விளங்கியது. அண்ணன் தப்பாகப் போடவில்லை. நான்தான் தப்பாக நினைத்தேன்.

உங்களை அவர் எங்கே நிறுத்தினார்? சன்னல் பக்கம். மேஸ்திரியிடம் அடுப்பு எங்கே என்றார்? சன்னல் ஓரம். அங்கே நின்று கையை நீட்டினால் சுவிட்ச் உங்களுக்குப் பக்கவாட்டில்தான் வரும், நெருப்புக்கு மேலே வராது. அண்ணன் கட்டம் சரியான இடத்தில் இருக்கிறது அண்ணி. அடுப்புதான் இடம் மாறி வந்து அதற்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. அது ஏன் வந்தது என்றும் எனக்குப் புரிகிறது.

அந்த அடுப்பு மேடையில் பதிக்கிற அடுப்பு இல்லை, தூக்கி வைக்கிறதுதான். அதைச் சன்னல் ஓரமே கொண்டுபோய் வையுங்கள். சன்னலில் துணி தொங்க விட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் அதன் முன்னால் நின்று, அவர் சொன்ன மாதிரியே கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். கட்டத்தில் பட்டால் சுவிட்சை அங்கேயே பதிக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெட்டி பதிக்க உளி வைத்தால் அந்தக் கட்டம் போய்விடும். வேறு வழி இல்லை. கட்டம் வேண்டுமா, சுவிட்ச் வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும். கட்டமே இருக்கட்டும் என்று நீங்கள் எழுதினாலும் நான் இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயமும் எனக்கு இப்போதுதான் விளங்கியது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, நிஷா சொன்னாள். போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "உன் கொரலும் உங்கண்ணன் கொரலும் ஒண்ணுதானே? அத எப்டி அவங்க காதுல வாங்குவாங்க, சொல்லு?" என்றாள். முன்பெல்லாம் நான் போன் பண்ணினால் நீங்களே ஏமாந்துபோய், "எங்க கீறே, சோறு ஆறுது" என்று அதட்டுவீர்கள். நான் கொஞ்ச நேரம் அண்ணன் மாதிரியே பேசி உங்களை வம்பு பண்ணுவேன்.

எனக்கும் அப்படித்தான் ஆகிறது. மேல் மாடியில் நின்று கீழே ஆளைக் கூப்பிடுகிறேன், என் சத்தமே திரும்பி வந்து அண்ணன் கூப்பிடுகிற மாதிரி என் காதில் விழுகிறது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டுகிறேன்.

வருஷ ஜெபத்துக்கு வர முடியாது. டிசம்பரில் வேலை முடிகிறது. நானும் நிஷாவும் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். கல்லறையைப் பார்க்க வேண்டும். வரலாமா?

பெஞ்சமின்


உத்திரமேரூர்
3.11.2024

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நீ நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்து படி.

அடுப்பைச் சன்னல் ஓரம் நகர்த்திவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகும் கொஞ்ச நாள் நகர்த்தவில்லை. ஈபியில் கேட்ட மூணு ஃபேஸ் வந்துவிட்டது, கிருஷ்ணசாமியும் ரெண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார், நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே தூக்கி வைத்தேன்.

கிருஷ்ணசாமி உன் கடிதத்தை எட்டப் பிடித்துப் படித்தார். "கடலுக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கினு நமக்கு ஆர்டரு போடறான் பாரு. சரி வுடு. ஜான்சன் வூட்டு வேலை, அவன் சொல்றாப்லயே செய்யலாம்" என்றார். ஆனாலும் நடுவில், "போர் பைப்புல கட்டிட்டா ஒரு நாள் வேலை மிச்சம்மா" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். குழியிலிருந்தே இழுத்துவிட்டார். மெகரும் காஞ்சிபுரத்திலிருந்து யாரிடமோ கேட்டு வாங்கி வந்து ஓவனைச் சோதித்தார். ஈரம்தான் இருந்தது. பின்தகட்டைக் கழற்றி ரெண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்தோம்.

சுவிட்ச் வேலை வந்ததும், சன்னல் பக்கம் நின்று கண்ணை மூடினேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போல. "இன்னாம்மா, நின்னுக்கினே தூங்கிட்டியா?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி. கையை நீட்டினேன். விரல் சுவரில் பட்டது. திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. "எங்க பட்ருக்கு?" என்று கேட்டேன். அவர் கிட்ட வந்து பார்த்துவிட்டு, "கட்டத்துக்கு உள்ளதாம்மா கீது" என்றார்.

உளி வைக்கட்டுமா என்று கேட்டார். வையுங்கள் என்றேன். நான் வெளியே போகவில்லை, பக்கத்திலேயே நின்றேன். நாலு கோடும் தூளாகக் கீழே விழுந்தது. அதை முறத்தில் வாரினேன். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, பின்னால் கொண்டுபோய் எர்த் குழியில் போட்டேன். கரியும் உப்பும் அவர் கையால் போட்டது. இதுவும் அதோடு கிடக்கட்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று எழுதின பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். டக் என்று விழுந்து வீடே அணைந்தது. "உசுரோட கீது. மாசம் ஒரு வாட்டி இப்டி அமுக்கிப் பாரு" என்றார். நான் அன்றைக்கே அவருக்குத் தெரியாமல் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

முதல் ஈடு பன் அடியில் கருகிப் போனது. ஆளில்லாத வீட்டு அடுப்பு மாதிரி அதற்குக் கோபம். ரெண்டாவது ஈடு நன்றாக வந்தது. தேவகி ரெண்டு தின்றுவிட்டு, "இன்னாக்கா, கடை வெச்சிடலாம் போல கீதே" என்றாள். நான் ஒன்று தின்றேன். நல்ல ருசி. அதுதான் தாங்க முடியவில்லை. நன்றாக வந்தால் அவரிடம்தான் முதலில் கொடுப்பேன்.

நீ கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்துத் துணியை எடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நான் எடுத்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் தம்பி. பார்த்துவிட்டு, பெட்டியை மூடுங்கள், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நீ வந்தால் திறக்கச் சொல்லுவாய். உன்னை யாராலும் தடுக்க முடியாது. உன் மனசில் சிரித்துக்கொண்டு இருக்கிற முகம் ஒன்று இருக்கும் அல்லவா, அதுவாவது ஒருத்தரிடம் கெடாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். என்மேல் கோபமாக இருந்தால் இருந்துகொள்ளட்டும் என்று விட்டேன். இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. எப்போதாவது அந்த முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லு. எனக்கு அது சில நாள் வருவதில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். நல்ல மழை. மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை, ஏற்ற ஏற்ற அணைந்தது. நனைந்து வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். குழி தளும்பிக்கொண்டிருந்தது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெறும் குடத்தோடு கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. நிஷாவையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. வாசலில் வந்து நின்று நீ கூப்பிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே வேலையாக இருக்கும்போது அந்தக் குரல் வாசலில் கேட்டால், நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். ஓடி வந்து உன்னைப் பார்த்து நிற்பேன். அது உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். அதனால் நீ வருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதினேழாம் தேதி ஜெபம். முந்தின நாள் சாயங்காலம் பன் எல்லாம் சுட்டு முடித்து, சுவிட்சை அணைத்துவிட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அப்போது போன் பண்ணு. எடுப்பேன். நான் பேச மாட்டேன், அழுகிற சத்தம் கேட்டாலும் நீ வைத்துவிடாதே. நீ பாட்டுக்கு எதையாவது பேசிக்கொண்டிரு. அந்த ஹோட்டலில் எத்தனை அறை, கடல் எந்தப் பக்கம், நிஷா என்ன குழம்பு வைத்தாள், எதுவானாலும் சரி. அண்ணன் மாதிரிப் பேசி வம்பு மட்டும் பண்ணாதே, இந்த ஒரு தடவை.

நான் எடுத்ததும் முதலில், அண்ணி என்று கூப்பிடு. அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் பேசுகிறது நீ என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி